கெர்பல் ராக்கெட்டில் பழுது பிடிப்பது எப்படி: எழாதது, கவிழ்வது, ஆடுவது, மோதுவது

ராக்கெட் வெடித்துச் சிதறிய பிறகு திரையில் கடைசியாகத் தெரிந்ததை வைத்துக் காரணம் தேடினால் அநேகமாகத் தவறான பாகத்தில்தான் போய் நிற்போம். கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற கணினி விளையாட்டில் எஃப்3 விசையை அழுத்தினால் பறப்பு அறிக்கை திறக்கும். எந்த நொடியில் எந்த இணைப்பு அறுந்தது, எது சூடேறி வெடித்தது, எது எதன்மேல் மோதியது என்று வரிவரியாக அதில் இருக்கும். நமக்குத் தேவை ஆக முந்தைய நேரத்தைக் காட்டும் வரி. மற்றவை பெரும்பாலும் அதன் விளைவுகள். நடு டேங்க் ஒடிந்ததால் எஞ்சின் மேலே வந்து மோதியிருக்கலாம். அப்படியென்றால் எஞ்சினைக் குறை சொல்லிப் பயனில்லை.

இங்கே சொல்வதெல்லாம் மாட் (பிறர் எழுதிய கூடுதல் நிரல்) எதுவும் சேர்க்காத 1.12 பதிப்புக்கு. இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். 2015 ஏப்ரலில் 1.0 வந்தபோது ஆட்டத்தின் காற்றியக்கமே மாறிவிட்டது. “நேராக 10 கிலோமீட்டர் போய், பிறகு சட்டென்று 45 பாகை சாய்” என்ற அறிவுரை அதற்கு முந்தைய காலத்துடையது. இன்று அப்படிச் செய்தால் ராக்கெட் குட்டிக்கரணம் அடிக்கும்.

முதலில் ஒரு அளவுகோல் ராக்கெட்

உங்கள் ராக்கெட்டில் என்ன பிழை என்று பார்ப்பதற்கு முன், சரியாகப் பறக்கும் ஒன்றைக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட ஏதாவது இருந்தால்தான் வித்தியாசம் தெரியும். மேலிருந்து கீழாக:

- மார்க்16 பாராசூட்: 0.1 டன்
- மார்க்1 கமாண்ட் பாட்: 0.84 டன்
- 1.25 மீட்டர் வெப்பக் கவசம்: 0.3 டன்
- டிடி-12 டிகப்ளர் (இரு பகுதிகளைப் பிரித்துவிடும் வளையம்): 0.04 டன்
- எஃப்எல்-டி400 டேங்க்: 2.25 டன்
- டெரியர் எஞ்சின்: 0.5 டன்
- இன்னொரு டிடி-12 டிகப்ளர்: 0.04 டன்
- எஃப்எல்-டி800 டேங்க்: 4.5 டன்
- எஃப்எல்-டி400 டேங்க்: 2.25 டன்
- ஸ்விவல் எஞ்சின்: 1.5 டன்
- அடியோடு அடியாக நான்கு பேசிக் ஃபின்: மொத்தம் 0.04 டன்

கூட்டினால் 12.36 டன். கரியர் ஆட்டத்தில் (பணம் சேர்த்து வசதிகளை மேம்படுத்தும் முறை) மேம்படுத்தாத ஏவுதளம் 18 டன் வரைதான் தாங்கும், மேம்படுத்தாத விஏபி (ராக்கெட்டைக் கட்டும் கூடம்) 30 பாகங்களுக்கு மேல் அனுமதிக்காது. இது இரண்டுக்குள்ளும் அடங்கும். வெற்றிடக் கணக்கில் கீழ் ஸ்டேஜ் (எரிபொருள் தீர்ந்ததும் கழற்றிவிடும் பகுதி) சுமார் 2,080 மீ/வி, மேல் ஸ்டேஜ் சுமார் 2,320 மீ/வி, ஆக 4,400 மீ/வி டெல்டா-வி (மொத்தத்தில் வேகத்தை எவ்வளவு மாற்ற முடியும் என்ற அளவு). ஆட்டத்தின் பூமியான கெர்பினைச் சுற்றி 80 கிலோமீட்டர் சுற்றுப்பாதைக்குச் சுமார் 3,400 மீ/வி செலவாகும். மிச்சம் 1,000 கையில் நிற்கும். ‘மன்’ நிலவை நோக்கிப் புறப்பட 860 போதும். அதில் இறங்கத்தான் போதாது; சுற்றுப்பாதையில் நிற்க 310, தரையிறங்க 580 தனியாக வேண்டும்.

ஸ்டேஜ் பட்டியலில் அடியில் இருப்பதுதான் முதலில் இயங்கும். இந்த ராக்கெட்டுக்குக் கீழிருந்து மேலாக வரிசை: ஸ்விவல், கீழ் டிகப்ளர், டெரியர், மேல் டிகப்ளர், பாராசூட். ஆட்டம் தானாக அடுக்கித் தரும் வரிசையை அப்படியே நம்பி ஸ்பேஸ் பாரைத் தட்டாதீர்கள். பாகங்களைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் அது கலைந்துபோகும். ஏவுதளத்திலேயே பாராசூட் விரிவதற்கு வேறு காரணமே கிடையாது.

எஞ்சின் எரிகிறது, ராக்கெட் எழவில்லை

இங்கே பார்க்க வேண்டியது உந்துவிசைக்கும் எடைக்கும் உள்ள விகிதம், சுருக்கமாக டிடபிள்யூஆர். உந்துவிசையைக் கிலோநியூட்டனிலும் நிறையை டன்னிலும் எடுத்து, உந்துவிசை ÷ (நிறை × 9.81) என்று போட வேண்டும். நம் ராக்கெட்டுக்கு 168 ÷ (12.36 × 9.81) = 1.39. ஏவும்போது 1.2 முதல் 1.5 வரை இருப்பது நல்லது. 1-க்குக் கீழே போனால் தீ மட்டும்தான் வரும்.

பலரும் தடுக்கி விழும் இடம், எந்த உந்துவிசையை எடுப்பது என்பதுதான். ஸ்விவலுக்கு வெற்றிடத்தில் 215 கிலோநியூட்டன், கடல் மட்டத்தில் 168. இந்த இழப்பு பொறுத்துக்கொள்ளக்கூடியது. டெரியர் கதை வேறு: வெற்றிடத்தில் 60, கடல் மட்டத்தில் வெறும் 14.8. மேல் ஸ்டேஜை மட்டும் கழற்றி ஏவுதளத்தில் வைத்தால், 4.03 டன்னுக்கு விகிதம் 0.37. அதே ஸ்டேஜ் மேலே வெற்றிடத்தில் 1.5-ஐத் தாண்டும். பெரிய அளவில் பூடில் எஞ்சினும் இதே இனம். விஏபியில் டெல்டா-வி கருவியைத் திறந்து, கெர்பினைத் தேர்ந்து, ‘கடல் மட்டம்’ என்று மாற்றிய பிறகு கீழ் ஸ்டேஜின் எண்ணைப் பாருங்கள். வெற்றிடம் என்றே விட்டு வைத்தால் எண்கள் உங்களை ஏமாற்றும்.

எழவில்லை என்றதும் பெரும்பாலோர் செய்வது இன்னொரு டேங்க் சேர்ப்பது. அது எரியும் வீட்டில் எண்ணெய் ஊற்றும் வேலை. கீழ் ஸ்டேஜின் இரண்டு டேங்குகளுக்குப் பதில் மூன்று எஃப்எல்-டி800 வைத்தால் மொத்தம் 19.11 டன், விகிதம் 0.9-க்கு இறங்கிவிடும், ஏவுதள வரம்பையும் தாண்டிவிடும். அந்த டேங்குகள் வேண்டும்தான் என்றால், ஏவுதளத்தை மேம்படுத்திவிட்டு இருபுறமும் ஒரு ஹாமர் பூஸ்டர் மாட்டுங்கள். ஒன்று 3.56 டன், கடல் மட்டத்தில் 198 கிலோநியூட்டன். டிகப்ளர், மூக்குக்கூம்பு சேர்த்து மொத்தம் 26.3 டன், விகிதம் 2.2. இது அதிகம். பூஸ்டரை வலது சொடுக்கி உந்துவிசை வரம்பை 60 விழுக்காட்டுக்குக் குறையுங்கள். விகிதம் 1.57 ஆகும், எரியும் நேரம் சுமார் 24 நொடியிலிருந்து 40 நொடியாக நீளும். திட எரிபொருள் பூஸ்டரைப் பறக்கும்போது திராட்டிலால் (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாடு) அடக்க முடியாது. கட்டும்போதே செய்துவிட வேண்டும்.

விகிதம் சரியாக இருந்தும் எழாவிட்டால் மூன்றைப் பாருங்கள். திராட்டில் முழுதாக இருக்கிறதா? இசட் விசை முழுக்க ஏற்றும், எக்ஸ் விசை அணைக்கும். ஏவுதளப் பிடிப்பான் எஞ்சினுக்கு அடுத்த ஸ்டேஜில் போய் உட்கார்ந்திருக்கிறதா? அது எஞ்சினோடு ஒரே ஸ்டேஜில் இருக்க வேண்டும். எஞ்சினுக்கு நேர் கீழே ஏதாவது பாகம் ஒட்டியிருக்கிறதா? தீப்பிழம்பு அதில் முட்டினால் உந்துவிசை கிடைக்காது.

கவிழ்கிறது

கெர்பலில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், பதிலும் ஒன்றல்ல. எந்த உயரத்தில், எந்த நொடியில் கவிழ்கிறது என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும்.

கிளம்பிய உடனேயே தலைகீழாகத் திரும்பினால், காற்றைக் குறை சொல்லாதீர்கள். அங்கே வேகமே இல்லை. ஏவுதளத்தில் நிற்கும்போதே நாவ்பாலை (திசை காட்டும் உருண்டை) பாருங்கள். நடுவில் நீலம் தெரிந்தால் மூக்கு வானத்தைப் பார்க்கிறது. பழுப்பு தெரிந்தால் கட்டுப்பாட்டுப் பாகம் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது. எஸ்ஏஎஸ் (ராக்கெட்டைத் தானாக நிலையாகப் பிடிக்கும் வசதி) ஒவ்வொரு திருத்தத்தையும் எதிர்த்திசையில் செய்யும். ஆளில்லா கோர்களிலும் (பைலட் இல்லாமல் கலத்தை ஓட்டும் பாகம்) கலங்களை இணைக்கும் டாக்கிங் போர்ட்டுகளிலும் இது சகஜம். நேராக இருக்கும் கமாண்ட் பாட்டை வலது சொடுக்கி, ‘இங்கிருந்து கட்டுப்படுத்து’ என்பதைத் தேர்ந்தால் உடனே தீரும்.

ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனால், உந்துவிசையின் கோடு நிறை மையத்தின் வழியே போகவில்லை. விஏபியின் இடது கீழ் மூலையில் உள்ள பொத்தான்களை அழுத்தினால் மஞ்சள்-கறுப்புப் பந்து நிறை மையத்தையும், ஊதா நிறப் பந்தும் அதன் அம்பும் உந்துவிசையையும் காட்டும். அம்பின் கோடு மஞ்சள் பந்தைத் தொட்டே ஆக வேண்டும். சமச்சீர்மையைப் பயன்படுத்தாமல் பூஸ்டர்களைத் தனித்தனியாகக் கையால் ஒட்டியவர்களுக்கு இது அடிக்கடி வரும். கழற்றிவிட்டு, எக்ஸ் விசையால் சமச்சீர் எண்ணிக்கையை வைத்துத் திரும்ப ஒட்டுங்கள்.

சில கிலோமீட்டர் ஏறி, நல்ல வேகம் பிடித்த பிறகு கவிழ்ந்தால்தான் காற்றின் வேலை. அம்பை நினைத்துக்கொள்ளுங்கள்: கனம் முன்னால், இறகு பின்னால். ராக்கெட்டிலும் நிறை மையம் மேலேயும், இழுவை கீழேயும் இருக்க வேண்டும். மேலே அகலமான ஃபேரிங்குக்குள் (சுமையை மூடும் கூடு) லேசான செயற்கைக்கோள், அடியில் 6 டன் மெயின்செயில் எஞ்சின் என்று கட்டினால் அது வால் பக்கமாகப் பறக்கும் அம்பு. எரிபொருள் தீரத் தீர எஞ்சினின் கனம் மட்டும் அடியில் மிஞ்சி நிலைமை இன்னும் மோசமாகும்.

இதைப் பறக்காமலே சோதிக்கலாம்:

1. நிறை மையப் பந்தைக் காட்டச் செய்யுங்கள்.
2. கீழ் ஸ்டேஜின் டேங்குகளை வலது சொடுக்கி, எரிபொருள் பட்டையைப் பாதியாகவும் பிறகு பூஜ்யமாகவும் இழுங்கள்.
3. மஞ்சள் பந்து மேலே நகர்ந்தால் நல்லது. நம் அளவுகோல் ராக்கெட்டில் அப்படித்தான் நகரும். கீழே இறங்கினால், எரிய எரிய நிலைத்தன்மை குறையும் ராக்கெட் உங்களுடையது.
4. பார்த்து முடித்ததும் பட்டைகளைத் திரும்ப நிரப்ப மறக்காதீர்கள்.

அதே பொத்தான்களில் ஒன்று காட்டும் நீலப் பந்தை அதிகம் நம்ப வேண்டாம். அது இறக்கைகள், ஃபின்கள் தரும் தூக்கு விசையைத்தான் காட்டும். டேங்குகளும் ஃபேரிங்கும் உண்டாக்கும் இழுவை அதில் தெரியாது. “நீலப் பந்து கீழேதானே இருக்கிறது, பின் ஏன் கவிழ்கிறது” என்ற குழப்பம் இதனால்தான். உண்மை நிலவரம் பறக்கும்போது எஃப்12 அழுத்தினால் தெரியும்: ஒவ்வொரு பாகத்திலிருந்தும் இழுவை சிவப்புக் கோடாக நீளும். மேல் பாதியில் நீளமான சிவப்புக் கோடு எந்தப் பாகத்திலிருந்து வருகிறதோ அதுதான் குற்றவாளி.

பெரும்பாலும் அது மூக்குக்கூம்பு இல்லாத தட்டையான டேங்க் முனையாக இருக்கும். அடுத்தது ஆஃப்செட் கருவியால் உள்ளே தள்ளி ‘மறைத்த’ பாகங்கள். கண்ணுக்கு மறைந்தாலும் இழுவைக் கணக்கில் அவை வெளியேதான் நிற்கின்றன. ஃபேரிங், சர்வீஸ் பே, கார்கோ பே ஆகியவற்றுக்குள் முழுதாக மூடியிருந்தால் மட்டுமே விலக்கு. ஃபின்களை ஆக அடியில் வையுங்கள். அழகுக்காக மேல் ஸ்டேஜில் ஒட்டிய ஃபின் கவிழ்ப்பதற்கென்றே வைத்தது போல.

இன்னொன்று: ரிலையன்ட் எஞ்சினின் முனை திரும்பாது. ஸ்விவலின் முனை 3 பாகை வரை திரும்பும். ரிலையன்டின் கூடுதல் உந்துவிசைக்கு ஆசைப்பட்டு நடுவில் அதை மட்டும் மாட்டினால், வளிமண்டலத்தில் ராக்கெட்டைப் பிடித்து நிறுத்தப் பாட்டுக்குள் இருக்கும் சுழற்சக்கரம் போதாது. திரும்பும் ஏவி-ஆர்8 ஃபின்களைச் சேர்க்க வேண்டும்.

கட்டமைப்பில் பிழையே இல்லாமல் ஓட்டுவதிலும் கவிழ்க்கலாம். வேகம் 60 முதல் 80 மீ/வி ஆனதும் கிழக்கே 5 முதல் 10 பாகை சாய்த்து, நாவ்பாலில் வேகத்திசைக் குறி மூக்கோடு வந்து சேரும்வரை காத்திருங்கள். பிறகு அந்தக் குறியைப் பின்தொடர்ந்தால் போதும். 10 கிலோமீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 45 பாகையில் இருப்பீர்கள். சுமார் 30 கிலோமீட்டரைக் கடக்கும் வரை மூக்கு அந்தக் குறியிலிருந்து 5 பாகைக்கு மேல் விலகக் கூடாது. குறியைத் தானாகப் பிடிக்கும் எஸ்ஏஎஸ் வசதி கரியரில் முதல் நிலை எட்டிய பைலட்டுக்குத்தான் கிடைக்கும். புது பைலட் என்றால் நீங்களே கையால் ஓட்ட வேண்டும்.

தேர் போல ஆடுகிறது

நீளமான ராக்கெட்டுகள் இணைப்புகளில் வளையும். எஸ்ஏஎஸ் அந்த வளைவைச் சாய்வு என்று நினைத்து எஞ்சின் முனையைத் திருப்பும், அது இன்னும் வளைக்கும், ஊஞ்சல் பெரிதாகிப் போய் நடுவில் ஒடியும். ஆகவே முதல் சோதனை: எஸ்ஏஎஸ்ஸை டி (T) விசையால் சில நொடிகள் அணையுங்கள். ஊசலாட்டம் அடங்கினால், எஞ்சினை வலது சொடுக்கி முனைத் திருப்பத்தின் வரம்பைப் பாதியாக்குங்கள். நான்கைந்து எஞ்சின்கள் திரும்பும் ராக்கெட்டில் நடு எஞ்சினைத் தவிர மற்றவற்றைப் பூட்டியே விடலாம்.

அடங்காவிட்டால் இணைப்பைக் கெட்டிப்படுத்த வேண்டும். ஆட்ட அமைப்புகளில் ‘அட்வான்ஸ்டு ட்வீக்கபிள்ஸ்’ஐ இயக்கினால் பாகத்தின் பட்டியலில் ஆட்டோஸ்ட்ரட் (கண்ணுக்குத் தெரியாத தாங்கு கம்பி) தோன்றும். நீளமான அடுக்கின் இரு முனைகளிலும் உள்ள டேங்குகளுக்கு ‘ஆகக் கனமான பாகம்’ என்பதையும், பூஸ்டர்களுக்கு ‘தாத்தா பாகம்’ என்பதையும் வைத்துப் பாருங்கள். (ஆட்டமே அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறது, பாகத்தின் பெற்றோர்ப் பாகத்துக்கும் பெற்றோர்.) ஸ்டேஜ் கழலும்போது எது ஆகக் கனமானது என்பது மாறும், அந்த நொடியில் ஒரு குலுக்கல் வரலாம். கழலும் பூஸ்டர்களுக்குத் தாத்தா பாகத்தைப் பரிந்துரைப்பது அதனால்தான். எல்லாப் பாகத்திலும் ஆட்டோஸ்ட்ரட் போடுவது தேவையற்றது. ‘ரிஜிட் அட்டாச்மென்ட்’ இணைப்பை விறைப்பாக்கும், ஆனால் விறைத்தது வளையாமல் முறியும்.

பூஸ்டரின் மேல்முனையையும் நடு டேங்கையும் இணைக்கும் ஈஏஎஸ்-4 ஸ்ட்ரட் ஒன்று பல நேரங்களில் இந்தத் தலைவலி முழுவதையும் தீர்த்துவிடும். டிகப்ளர் இயங்கும்போது அது தானே அறுந்துகொள்ளும்.

கழன்றது போகாமல் மோதுகிறது

அடுக்கு டிகப்ளரில் உள்ள அம்பு காட்டும் பக்கம்தான் பிரியும். மறுபக்கத்தில் வளையம் ஒட்டியே இருக்கும். அம்பு மேல்நோக்கி இருந்தால் வளையம் தீர்ந்த ஸ்டேஜோடு போய்விடும். தலைகீழாக மாட்டினால் டெரியரின் முனையிலேயே வளையம் தொங்கும். எஞ்சின் எரிந்தும் நகராத மர்மத்துக்கு இது ஒரு காரணம்.

பக்கவாட்டு டிகப்ளரை, பூஸ்டர் காலியானபோது அதன் நிறை மையம் இருக்கும் உயரத்துக்கு அருகிலோ சற்று மேலேயோ வையுங்கள். மிகக் கீழே வைத்தால் அடிப்பகுதி வெளியே உதைக்கப்பட்டு மூக்கு உள்ளே வந்து நடு டேங்கை இடிக்கும். இன்னும் இடித்தால், பூஸ்டரின் மேல்முனையில் ஒரு செப்பரட்ரான் (பூஸ்டரைத் தள்ளிவிடும் குட்டி ராக்கெட்) ஒட்டி, அதன் புகை நடு டேங்கை நேராகத் தாக்காதபடி சற்றுத் திருப்பி, டிகப்ளரோடு ஒரே ஸ்டேஜில் வையுங்கள். கழற்றும் நொடியில் மூக்கு வேகத்திசையில் இருக்கட்டும். சாய்ந்தபடி கழற்றினால் காற்றே ஒரு பூஸ்டரை உங்கள்மேல் தள்ளும்.

டேங்கில் எரிபொருள் இருக்கிறது, எஞ்சின் அணைந்துவிட்டது

டிகப்ளர்கள் இயல்பாக எரிபொருளைக் கடத்தாது. பக்கவாட்டு டேங்கிலிருந்து நடு எஞ்சினுக்கு எரிபொருள் போக வேண்டுமானால் டிகப்ளரை வலது சொடுக்கி ‘கிராஸ்ஃபீட்’டை இயக்குங்கள், அல்லது எஃப்டிஎக்ஸ்-2 குழாய் போடுங்கள். குழாய்க்குத் திசை உண்டு. முதலில் சொடுக்கும் டேங்க் தரும், இரண்டாவது பெறும். திசை மாறினால் நடு டேங்க் காலியாகி, கழற்றி எறியப்போகும் பக்க டேங்க் நிறைந்திருக்கும். இரண்டு பக்கத்தில் ஒன்றில் மட்டும் குழாய் விட்டுப்போனால் ராக்கெட் மெல்லச் சாய ஆரம்பிக்கும். அதைக் கவிழும் பிரச்சினை என்று நினைத்து ஃபின் சேர்த்துக்கொண்டிருப்பார்கள்.

நெர்வ் அணு எஞ்சின் திரவ எரிபொருளை மட்டுமே குடிக்கும், ஆக்சிஜனேற்றி வேண்டாம். எஃப்எல்-டி800-இல் 360 அலகு திரவ எரிபொருளும் 440 அலகு ஆக்சிஜனேற்றியும் இருக்கும். அலகுக்கு 5 கிலோ வீதம் ஒவ்வொரு டேங்கிலும் 2.2 டன் சும்மா சுமை. பட்டையை இழுத்துக் காலி செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

மேலே போனதும் பேச்சுமூச்சில்லை

சுழற்சக்கரங்களும் ஆளில்லா கோர்களும் மின்சாரத்தில் ஓடுகின்றன. மார்க்1 பாட்டில் 50 அலகுதான். ஆளில்லா கலத்தில் மின்சாரம் தீர்ந்தால் சூரியத் தகட்டை விரிக்கக்கூட உத்தரவிட முடியாது. விரியாத ஆக்ஸ்-ஸ்டாட் தகடுகளைக் குறைந்தது இரண்டு எதிரெதிர்ப் பக்கங்களில் ஒட்டிவிடுங்கள், ஒரு இசட்-100 பேட்டரியும். விரியும் தகடுகளையும் கம்யூனோட்ரான் 16 போன்ற நீளும் ஆன்டெனாவையும் 70 கிலோமீட்டருக்கு மேல், காற்று முடிந்த பிறகு மட்டும் திறங்கள். ஸ்டேபுட்னிக் கோரில் எஸ்ஏஎஸ்ஸே கிடையாது. அது நிலையாக நிற்கவில்லை என்று புகார் சொல்லாமல் ஆக்டோவுக்கு மாறுங்கள்.

திரும்பி வரும்போது

‘மன்’னிலிருந்து திரும்பினால் பாதை கெர்பினுக்கு ஆக அருகே வரும் உயரத்தை 30 முதல் 35 கிலோமீட்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட ஆழமாக நுழைந்தால் சூடு, மேலாக நுழைந்தால் இன்னொரு சுற்று. கவசத்துக்கு அடியில் எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது, கனம் கவசத்துக்கு அருகில் இருக்க வேண்டும். பாட்டுக்கு மேலே அறிவியல் கருவிகளை உயரமாக அடுக்கினால் நடுவழியில் தலைகீழாகி மூக்கு முதலில் எரியும். கருவிகளைப் பாட்டுக்கும் கவசத்துக்கும் நடுவே சர்வீஸ் பேயில் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

பாராசூட் ஐகான் சிவப்பாக இருக்கும்போது ஸ்பேஸ் பாரில் கை வைக்காதீர்கள், விரித்தால் கிழியும். நிறம் மாறும்வரை பொறுங்கள். மார்க்16 முதலில் பாதி விரிந்து, தரைக்கு 1,000 மீட்டர் உயரத்தில் முழுதாக விரியும். மலைப்பகுதியில் அதை இன்னும் உயரத்துக்கு மாற்றி வைப்பது நல்லது. அந்தப் பட்டை விஏபியில் மட்டுமல்ல, பறக்கும்போதும் வலது சொடுக்கில் கிடைக்கும்.